காரைக்குடிக்கு வந்த ஐந்தாவது கம்பி

"அண்ணே, இதை ஒன்றரையில போட்டுரலாமா?"

மேடையில் எங்கள் பாடகர் தம்பி திரும்பி இப்படிக் கேட்டால் கீபோர்டுக்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை. ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கிவிட்டு, பழகிய அதே விசைகளிலேயே வாசிப்பார். என் பாடுதான் திண்டாட்டம். ஒன்றரைக் கட்டை என்றால் சி ஷார்ப். நான் வாசிப்பது பேஸ் கிடார். ஈ, ஏ, டி, ஜி என்று நாலு கம்பி கட்டிய பேஸில் ஆகக் கீழே கிடைக்கும் சுரம் ஈ. அதற்குக் கீழே இறங்கக் கம்பி கிடையாது. ஏ கம்பியின் நாலாவது ஃப்ரெட்டில்தான், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த நாலாவது மெட்டில்தான், அந்த சி ஷார்ப்பைப் பிடித்தாக வேண்டும். சுரம் பிசகில்லை. ஆனால் பல்லவி வந்து அமரும் இடத்தில் பேஸ் ஒரு ஸ்தாயி மேலே நின்றால் பாட்டுக்குக் காலடியில் தரை இருக்காது. மூலப் பாட்டில் படிப்படியாக இறங்கி வந்து உட்காரும் ஓட்டம், எங்கள் மேடையில் பாதியில் மடங்கி மேலே ஏறிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் நான் பேஸ் வாசிக்கத் தொடங்கியது 1996-ல். இளையராஜா இசையில் சசிதரன் வாசித்ததையும், ரஹ்மான் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கேசட்டை ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். இத்தனை வருடத்தில் வீட்டில் நாலு பேஸ் சேர்ந்துவிட்டது. முதலாவது மதுரையில் பழையதாக வாங்கியது. இரண்டாவது ஒரு பிரிசிஷன். ஃபெண்டர் கம்பெனி 1951-ல் கொண்டுவந்த மாடல். அதில் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி கட்டியிருக்கிறேன். சுரம் தும்மென்று விழுந்து சீக்கிரம் அடங்கும். டோலக்கோடு சேர்ந்து போகும் பழைய பாட்டுகளுக்கு அதை அடிக்க வேறொன்றில்லை. மூன்றாவது ஜாஸ் பேஸ். நட் பக்கம், அதாவது தலைப்பக்கம் கம்பிகள் காடியில் உட்காரும் துண்டு இருக்கும் இடத்தில், கழுத்து 38 மில்லிமீட்டர்தான் இருக்கும்; விரல் ஓடுகிற பாட்டுக்கு அது. நாலாவது ஃப்ரெட்லெஸ், மெட்டே இல்லாத பேஸ். கமகம் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் வாங்கியது, பெரும்பாலும் வீட்டில்தான் வாசிக்கிறேன்.

இந்த நிலையில் ஐந்தாவதாக ஒன்று, ஈ-க்கும் கீழே ஒரு பி கம்பி சேர்ந்த ஐந்து கம்பி பேஸ் (ஃபைவ் ஸ்ட்ரிங்), என்றபோது வீட்டில் கேட்ட கேள்வி நியாயமானது. "இருக்கிற நாலும் என்ன பாவம் பண்ணுச்சு?"

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பெண்ணுக்குச் சீராகப் பரப்பிய பித்தளை, வெண்கலம், எனாமல், பீங்கான் என்று அறை அறையாக அடுக்கிப் பூட்டிவைத்த ஊர் இது. வாங்கியவர்கள் அத்தனை ஆசையாக வாங்கினார்கள். அதில் பாதி அடுப்பையே பார்க்காமல் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து தொங்குகிறது. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். வாத்தியமும் அப்படி ஆகிவிடக் கூடாது. அதனால் எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: கையில் இருக்கும் எதனாலும் செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்தால்தான் புதுசு.

அந்தக் கணக்கைத் தீர்க்க ஆறு மாதம் ஒரு சிட்டை போட்டேன். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் எந்தப் பாட்டு, எத்தனை கட்டை, எங்கே எனக்குக் கீழ்ச் சுரம் கிடைக்காமல் போனது என்று நோட்டில் ஒரு வரி. பேஸ் வாங்க நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆசையை நோட்டில் எழுதினால் அது உண்மையா இல்லையா என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். என் நோட்டில் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைகள் திரும்பத் திரும்ப வந்தன. சி, சி ஷார்ப், டி. மூன்றுமே ஈ-க்குக் கீழே.

செலவில்லாத வழிகளை அதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஈ கம்பியை டி-க்கு இறக்கி வாசித்தால் இரண்டு கட்டைப் பாட்டு சமாளிக்கும். ஆனால் பாட்டுக்குப் பாட்டு முறுக்காணியைத் திருகிக்கொண்டிருக்க முடியாது, தளர்ந்த கம்பி சுருதியில் நிற்கவும் செய்யாது. வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே சேர்த்துக் கொடுக்கும் ஆக்டேவ் பெடல் வைத்துப் பார்த்தேன். மேல் சுரங்களில் சரியாகப் பிடிக்கும், கீழே போகப் போகத் தடுமாறும். மூன்றாவது வழி உண்டு, அதை இன்றைக்கும் சிபாரிசு செய்வேன்: நாலு கம்பி பேஸிலேயே ஜி கம்பியை விட்டுவிட்டு பி, ஈ, ஏ, டி என்று கட்டிக்கொள்வது. தடித்த கம்பிக்குத் தக்கபடி நட்டின் காடியை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டும், அவ்வளவே. எனக்கு அது ஒத்துவரவில்லை. மெலடியாக மேலே ஓடும் இடங்களுக்கு ஜி கம்பி வேண்டும்.

ஐந்து கம்பி என்பது நம் ஊருக்கு அந்நியமான யோசனை இல்லை என்பது ஒருநாள் வீணைக் கச்சேரியில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. வீணையில் வாசிக்கும் கம்பிகள் நாலு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். மந்தரம் சட்ஜத்தில் நிற்கும். அதற்குக் கீழே அனுமந்தரம் பஞ்சமத்தில் நிற்கும். சட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு என்ன தூரமோ, பேஸில் ஈ-யிலிருந்து பி-க்கும் அதே தூரம்தான். வைணிகர் அந்தக் கம்பியை ஓயாமல் மீட்ட மாட்டார். ஆனால் ஆலாபனையில் ஒரு தடவை அங்கே இறங்கினால் சபை அப்படியே அடங்கிப்போகும். சாம்பசிவ ஐயர் வாசித்த ஊரில் பிறந்துவிட்டு இதைக் கவனிக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஒரு தை மாதத்தில் பேஸ் வாங்க விடிகாலைப் பல்லவன் ரயிலில் கிளம்பினோம். கூட எங்கள் குழுவில் ரிதம் பேடு வாசிக்கும் தம்பி. கடைக்குத் துணையோடு போவது முக்கியம். நாம் வாசிக்கும்போது நமக்குக் கேட்பது வேறு, எதிரே நிற்பவருக்குக் கேட்பது வேறு.

கடையில் ஆம்பில் ஏற்கெனவே பேஸ் குமிழைத் தூக்கிவைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் எல்லா வாத்தியமும் கம்பீரமாகத்தான் கேட்கும். எல்லாக் குமிழையும் நடுவில் வைக்கச் சொன்னேன். அதற்கும் முன்னால், ஒயரே சொருகாமல் பத்து நிமிடம் வாசித்தேன். பேஸின் உடம்பை வயிற்றோடு அணைத்து பி கம்பியை மீட்டினால் அதிர்வு விலாவில் தெரிய வேண்டும். தெரிந்தால் மரமும் கம்பியும் ஒத்துப்போகிறது என்று என் அனுபவம்.

பிறகு பி கம்பி ஒன்றிலேயே கவனமாக நின்றேன். வெறும் கம்பி, அடுத்து ஒன்று முதல் ஐந்து ஃப்ரெட் வரை ஒவ்வொன்றாக. ஐந்தாவது ஃப்ரெட்டில் வருவது ஈ. பக்கத்து வெறும் ஈ கம்பியும் அதே சுரம். இரண்டையும் மாறி மாறி மீட்டிப் பார்த்தால் பி கம்பியின் தரம் தெரிந்துவிடும். மட்டமான ஃபைவ் ஸ்ட்ரிங்கில் அந்த ஈ, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். நல்லதில் இரண்டும் ஒரே குடும்பத்துக் குரலாகக் கேட்கும். பிறகு ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழு ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரத்தையும் நீளமாகப் பிடித்தேன். சில பேஸ்களில் அந்தப் பக்கம் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். அது கழுத்து மரத்தின் சுபாவம், செட்டிங்கால் தீராது.

ஒரே மாடலில் இரண்டு எடுக்கச் சொன்னேன். விற்பவருக்குக் கொஞ்சம் சலிப்புதான். முதல் பேஸில் பி கம்பி நட்டின் காடியில் ஆடி, சிணுங்கியது. இரண்டாவது சுத்தமாக இருந்தது. நிறம் எனக்குப் பிடிக்காத நிறம். அதைத்தான் எடுத்தேன்.

ஸ்கேல் நீளத்தில், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளத்தில், கொஞ்சம் குழம்பினேன். சாதாரண பேஸ் 34 அங்குலம். பி கம்பி விறைப்பாக நிற்க 35 அங்குலத்திலும் செய்கிறார்கள். ஒரு அங்குலம் கூடினால் முதல் ஃப்ரெட் இன்னும் தள்ளிப்போகும். எனக்கு ஐம்பதை நெருங்குகிற மணிக்கட்டு, மூன்று மணி நேரக் கச்சேரி. 34-லேயே நின்றுவிட்டு, கம்பியைத் தடிமனாகக் கட்டிக்கொண்டேன். செட்டோடு வந்த 0.125 அங்குல பி கம்பியை எடுத்துவிட்டு 0.130 போட்டதில் தளர்ச்சி நன்றாகக் குறைந்தது. வாத்தியத்தின் விலை 42,000 ரூபாய், கெட்டிப் பெட்டி தனி.

தடித்த கம்பி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. நீளம் அதிகமாக இருக்கிறதே என்று கம்பியை நேராக வெட்டிவிடாதீர்கள். வெட்ட வேண்டிய இடத்துக்கு முன்னால் செங்குத்தாக ஒரு மடிப்பு மடித்துவிட்டு, மடிப்பைத் தாண்டித்தான் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் மேலே சுற்றியிருக்கும் கம்பி உள்கம்பியை விட்டு நழுவி, புதுக் கம்பியே செத்துப்போகும். பேஸ் கம்பி செட் இங்கே நினைத்த நேரத்தில் கிடைக்காது. ஒன்றைக் கெடுத்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டும்.

வந்த வாரமே செட்டிங்கில் உட்கார்ந்தேன். முதல் ஃப்ரெட்டை ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டை மறு கையாலும் அமுக்கிப் பிடித்தால் கம்பியே அளவுகோல் ஆகிவிடும். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு லேசாக நுழைய வேண்டும், ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். அதிகம் இருந்தால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று முறுக்கிவிட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். அடுத்த நாள் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று. மரத்துக்கு அவசரம் ஆகாது. பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம்: பி-க்கு 3 மில்லிமீட்டரை ஒட்டி, ஜி-க்கு 2-ஐ ஒட்டி வைத்திருக்கிறேன். கடைசியாக இன்டொனேஷன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் அமுக்கிய சுரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அமுக்கிய சுரம் ஏறிக் காட்டினால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டான சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கிக் காட்டினால் முன்னுக்கு.

பயிற்சிக்கு எனக்கு ஒரு பாக்கியம் உண்டு. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. வீட்டு ஆச்சி பிள்ளைகளோடு சென்னையில். வாரம் ஒரு நாள் திறந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டு வருவேன். பேஸ் எடுத்துப்போய் வாசிக்கலாமா என்று தயங்கித்தான் போனில் கேட்டேன். "தாராளமா வாசிங்கப்பு. வீட்டுல சத்தம் இருந்தாத்தான் வௌவால் அண்டாது" என்றார்கள்.

முகப்பைத் தாண்டி, கல்யாணக் கொட்டகையில் சின்ன ஆம்பை வைத்து முதல்முறை அந்த பி கம்பியை மீட்டியதை மறக்க முடியாது. கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடி மாதிரி பூசிய சுண்ணாம்புச் சுவர், மேலே பர்மாத் தேக்கு. சுரம் சுவரில் மோதிக் கிளம்பி என் முதுகுக்கு வந்தது. ஆனால் ஒரு வினோதம்: மூன்றாவது ஃப்ரெட் டி மட்டும் ஊரையே எழுப்புகிற மாதிரி குமுறியது, பக்கத்து ஃப்ரெட்டுகள் சாதுவாக இருந்தன. பேஸில் கோளாறோ என்று பதறி, நாலு நாள் சாடிலையும் பிக்கப் உயரத்தையும் மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகுதான் டேப் எடுத்துக் கொட்டகையின் அகலத்தை அளந்தேன். 4.7 மீட்டர். அந்த டி, நொடிக்கு 36.7 அதிர்வு, காற்றில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 9.4 மீட்டர். சரிபாதி! இரண்டு சுவருக்கும் நடுவே அந்த ஒரு சுரம் மட்டும் ஊஞ்சல் கட்டி ஆடியிருக்கிறது. ஆம்பைச் சுவரோரத்திலிருந்து அகலத்தின் மையத்துக்கு நகர்த்தியதும் டி அடங்கியது. புது பேஸை ஒரே அறையில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு மூன்று இடங்களில் வாசித்துப் பார்த்த பிறகே அதில் கை வையுங்கள்.

விரல் பழக்கம் மாற எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, தடித்த கம்பி என்றால் ஈ என்று கைக்கு மனப்பாடம். கட்டைவிரல் அதன்மேல் தான் இளைப்பாறும். இப்போது அந்த இடத்தில் பி. மூன்றாவது கச்சேரியில் ஒரு பாட்டின் முதல் அடியில் ஜி வாசிப்பதற்காக மூன்றாவது ஃப்ரெட்டை அமுக்கினேன். கம்பி ஒன்று தள்ளிப்போய் டி வந்தது. மொத்தக் குழுவும் ஒரு திசை, நான் ஒரு திசை. பாடகர் தம்பி சமாளித்துப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை பி கம்பியில் வைத்து, ஈ கம்பியை மட்டும் ஐந்து நிமிடம் மீட்டுவதைத்தான் தினமும் முதல் பயிற்சியாக வைத்தேன். வாசிக்காதபோது பி கம்பி தானாக அதிர்ந்து முனகும். கட்டைவிரல் அதன்மேல் இருந்தால் அதுவும் அடங்கும். ஒரே பழக்கத்தில் இரண்டு வேலை.

திறந்தவெளி மேடையில் கிடைத்த பாடம் வேறு. முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனி சமயத்தில் ஊரெங்கும் கச்சேரி. புது பேஸைத் தூக்கிக்கொண்டு ஆசையாகப் போனேன். ஒன்றரைக் கட்டைப் பாட்டு வந்தது. பி கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் இறங்கி அமர்ந்தேன். எதிரே நின்ற நண்பர் பிறகு சொன்னார்: "அந்த இடத்துல பேஸே கேக்கலையேப்பா." மேலே வாசித்திருந்தாலாவது கேட்டிருக்கும். மைக்செட் தம்பியிடம் போய் மிக்சரைப் பார்த்தேன். என் சானலில் லோ கட் பொத்தான் அமுங்கியிருந்தது. மைக் காற்றிரைச்சலுக்காக எல்லாச் சானலிலும் வழக்கமாக அமுக்கிவிடுவாராம். அந்தப் பொத்தான் 80 ஹெர்ட்ஸ் பக்கத்துக்குக் கீழே இறங்க இறங்கச் சத்தத்தை மழித்துவிடும். வெறும் பி கம்பி 31 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 62. இரண்டுமே போய்விட்டால் என்ன மிச்சம்? நம் காது கீழ்ச் சுரத்தை அடையாளம் காண்பதில் அந்த இரட்டிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போதெல்லாம் மேடை ஏறியதும் முதல் வேலை, மைக்செட்காரர் பக்கத்தில் போய் நின்று, "தம்பி, பேஸ் சானல்ல லோ கட்டை எடுத்துருங்க" என்று மரியாதையாகக் கேட்பது. குமிழில் பேஸைத் தூக்குவதற்குப் பதிலாக 100-லிருந்து 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றச் சொல்கிறேன். சுரத்தின் முகம் அங்கேதான் தெரிகிறது.

ஜெனரேட்டர் ஓடும் மேடைகளில் ஹம் வரும். பேஸை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் பிடுங்காதீர்கள். கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்பது நாம்.

இந்த பேஸ் ஆக்டிவ், உள்ளே 9 வோல்ட் பேட்டரி. ஒயர் சொருகியிருக்கும்வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் ஒயரை உருவிவிட வேண்டும். பேட்டரி சாகப்போகிறது என்றால் முதலில் சத்தம் பிசிறடிக்கும். பெட்டியில் எப்போதும் ஒரு புதுப் பேட்டரி இருக்கட்டும். கச்சேரி முடிந்ததும் பழைய கண்டாங்கிச் சேலைத் துணியால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். கம்பிக்கு அடியிலும் துணியை நுழைத்து இழுக்க வேண்டும், வியர்வை தங்குவது அங்கேதான். சித்திரை வெயிலில் வேனுக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நான் பந்திக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன், பரிமாறுகிறவர்கள் பழகிவிட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு பேஸுக்கும் சிட்டையில் ஒரு பக்கம்: கம்பி மாற்றிய தேதி, கடைசியாக மேடை ஏறிய தேதி. ஃபைவ் ஸ்ட்ரிங்கும் பிரிசிஷனும் மாறி மாறி வருகின்றன. ஜாஸ் மாதம் ஒருமுறையாவது போகிறது. ஃப்ரெட்லெஸ் கண்டனூர் வீட்டுக்கென்று ஆகிவிட்டது. மதுரைப் பேஸின் பக்கத்தில் மட்டும் ஏழு வருடமாக எந்தத் தேதியும் இல்லை. அதை எழுதியபோதுதான் அந்தப் பழம்பொருள் தெரு ஞாபகம் வந்தது.

போன வாரம் அதை எங்கள் ரிதம் பேடு தம்பியின் தங்கைக்குக் கொடுத்தேன். பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை. வாங்கிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே, "மாமா, இதுல பி கம்பி கட்ட முடியுமா?" என்பதுதான். முடியும் என்றேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நட்டில் காடியை அகலப்படுத்த உட்காருகிறோம். அரத்தை அந்தப் பிள்ளையே பிடிக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன்.